ஆயிரத்துப் பன்னிரண்டு பேர்

மரிய ஜெரால்டைப் பற்றிக் கேட்டால் ஊரில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். அதில் எட்டுப் பேர் அந்த ஒரு வியாழக்கிழமையை மட்டும்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அவர்களுக்குத் தெரியாத பாதி எனக்குத் தெரியும். அந்தப் பாதியை மூன்று வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்து மென்றுகொண்டிருந்தவன் நான்.

என் பெயர் உதயகுமார். காரைக்குடி செக்காலை ரோட்டில், மாடியில், எனக்கொரு ஸ்டுடியோ. இருபது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன். இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் இருப்பதால், விசேஷத்தை அப்படியே நேரலையில் காட்டச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கேமரா தெரியும். கேமராவுக்கு அப்பால் நடப்பது ஒன்றும் தெரியாது. ஒரு தடவை ஓர் ஆச்சி வீட்டில், அறுபதாம் கல்யாணத்துத் தாலியைக் கையில் எடுத்த நேரத்தில் நேரலை படுத்துவிட்டது. ஆச்சி என்னைத் திட்டவில்லை. “தம்பி, சாப்புட்டுட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரம்தான் ஜெரால்டைத் தேடிப் பிடித்தேன்.

அவனுக்கு ஊர் தேவகோட்டைப் பக்கம். பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் எட்டு வருஷம் இருந்தான். அப்பாவுக்கு ஒரு கை, ஒரு கால் விழுந்துபோனதும் வேலையை உதறிவிட்டு வந்தவன், திரும்பிப் போகவில்லை. ஆள் ஒல்லி. பேச்சு அதைவிட ஒல்லி. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் ஒரு டீ குடித்து முடித்துவிடுவேன். முன்கோபக்காரனான எனக்கு அது ஆகவே ஆகாது. “காது கேக்குதா இல்லையாய்யா?” என்று கத்துவேன். “யோசிக்கிறேண்ணே” என்பான். கோபமே வராது அவனுக்கு. அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பும்.

தினசரி காலண்டரில் கிழித்த தாளை அவன் எறிய மாட்டான். பின்பக்கம் அன்றைய வேலையை எழுதி, கிளிப்பில் மாட்டி வைப்பான். எந்த எண்ணை மாற்றினான், எதிலிருந்து எதற்கு மாற்றினான், எதைச் சோதித்தான், எதைச் சோதிக்கவில்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். “பரீட்சை எழுதியே செத்துப்போவே நீ” என்று கிண்டல் பண்ணுவேன். சிரிப்பான். அவன் வந்த பிறகு நான்கு வருஷத்தில் எங்கள் நேரலை ஒரு தடவை கூடப் படுக்கவில்லை. அதை நான் அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அடைக்கலமேரி நர்ஸம்மா இறந்தது ஒரு திங்கட்கிழமை. காரைக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், முப்பத்தொரு வருஷம் பிரசவம் பார்த்தவர். மகன் அருள்பிரகாசம் உள்ளூரில் இருந்தார். மகள் ஆன் மேரி குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்த நேரம் அது. இரண்டு நாள் உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். பாஸ்போர்ட் வரவில்லை. வியாழக்கிழமை அடக்கம் என்று முடிவு பண்ணிவிட்டு, புதன்கிழமை காலையில் அருள்பிரகாசம் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார்.

“கல்லறைத் தோட்டத்துல கடைசியா ஒரு தடவை பெட்டியத் தொறந்து முகம் காட்டுவாக. அதை எந்தங்கச்சி பாக்கணும். வேற ஒன்னும் வேணாம் எனக்கு” என்றார். “அவ பாத்துட்டேன்னு நேரலையிலயே எழுதுவா. நீங்க அதைப் பாத்துச் சொன்னப்புறம்தான் மூடச் சொல்லுவேன். அதுவரைக்கும் மூட விட மாட்டேன்.”

“அதுக்கென்னண்ணே, பாத்துச் சொல்றோம்” என்றேன். ஜெரால்டு வழக்கம்போல யோசித்துக்கொண்டிருந்தான். அவர் இறங்கிப் போன பிறகு, “எத்தனை பேரு வருவாக?” என்று கேட்டான்.

“ஒரு நர்ஸம்மாவுக்கு எத்தனை பேர்யா வரப்போறாக? எரநூறு பேரு வந்தா அதிகம்.”

“அந்தம்மா கைபடாத வீடு அந்தச் சுத்துவட்டாரத்துல இல்லண்ணே. அம்புட்டு வீட்டுலயும் இப்ப ஒருத்தன் வெளிநாட்டுல இருக்கான்.”

புதன்கிழமை மத்தியானம் முழுக்க அவன் மும்பையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரோடுதான் உட்கார்ந்திருந்தான். என்ன பண்ணுகிறாய் என்று கேட்டேன். அன்றைக்கு அதிசயமாக உடனே பதில் வந்தது.

“பந்தியில நூறு இலை போட்டிருக்காகண்ணே. நூத்தியொன்னாவது ஆளு என்ன செய்வாரு?”

“சாப்புடுறவரு நாற்காலிக்குப் பின்னாடி போயி நிப்பாரு.”

“அம்புட்டுத்தான். பாக்குற ஒவ்வொரு ஆளுக்கும் மெஷினு ஒரு கோப்பைத் தொறக்குது. ஒரு புரோகிராமு ஒரே நேரத்துல இத்தனை கோப்புதான் தொறந்து வச்சிருக்கலாம்னு ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஒரு அளவு இருக்கு. யாரும் மாத்தலேன்னா அது ஆயிரத்து இருவத்துநாலு. அதுலயும் பத்துப் பன்னெண்டைப் புரோகிராமே தனக்குன்னு எடுத்துக்கும். மெஷினுக்குத் தெம்பு இல்லாம இல்ல. பத்தாயிரம் பேரைத் தாங்கும். ஆனா அளவு முடிஞ்சதுன்னா வெளிய நிப்பாட்டிரும். உள்ள ஒருத்தர் எந்திரிச்சாத்தான் அடுத்த ஆளுக்கு எடம்.”

அளவை அறுபத்தையாயிரத்துக்கு உயர்த்தினான். வாசலில் காத்திருக்கும் வரிசைக்கும் ஓர் அளவு உண்டாம், அதையும் நீட்டினான். பிறகு புரோகிராமைத் தன் கையால் கிளப்பி, ஐயாயிரம் பொய் ஆட்களை ஒரே நேரத்தில் அனுப்பிப் பார்த்தான். ஐயாயிரமும் உள்ளே போய் உட்கார்ந்தன. அவன் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்று பார்த்தேன். “இனி மெஷினைத் தொடாதீக அண்ணே” என்று சொல்லிவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தான்.

தொடாதே என்றால் எண்களை மாற்றாதே என்று எடுத்துக்கொண்டேன். இதுதான் நான் செய்தது. வியாழக்கிழமை விடிந்ததுமே ஜெரால்டு கல்லறைத் தோட்டத்துக்கு வயர் இழுக்கப் போய்விட்டான். நான் கடையில் கேமராவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும், அன்று காலையில் எல்லாவற்றையும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன். கேமரா, மிக்சர், லேப்டாப் எதையும் விட மாட்டேன். வீடியோக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். குளித்துவிட்டுக் கிளம்பின மாதிரி ஒரு சுத்தம். அன்று அந்தச் சர்வரும் சுத்தமாக இருக்கட்டுமே என்று, லேப்டாப்பில் அதன் பக்கத்தைத் திறந்து ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். இரண்டு நிமிஷத்தில் எழுந்துகொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. மனசு நிறைவாகப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஜெரால்டு அந்தப் பெரிய எண்ணை எழுதி வைத்திருந்த இடம், ஆள் உள்ளே வந்து கையால் கிளப்புகிற புரோகிராமுக்கான இடம். மெஷின் எழுந்ததும் தானாகவே கிளம்புகிற புரோகிராம் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லையாம். அதற்கு வேறு இடத்தில் எழுதியிருக்க வேண்டுமாம். என் சுத்தத்துக்குப் பிறகு அது பழைய அளவோடு எழுந்து உட்கார்ந்திருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

மூன்று மணிக்குக் கோயிலில் பூசை. எல்லோரும் போனை அமர்த்தி உள்ளே வைத்துவிட்டார்கள். மூன்றே முக்காலுக்குக் கல்லறைத் தோட்டம் வந்தோம். சிக்னல் வாசலில்தான் கிடைத்தது. அதனால் ஜெரால்டு அங்கே ஆன்டெனா கட்டிய கம்பத்தோடு நின்றான். நான் குழிக்குப் பக்கத்தில், கேமராவுக்குப் பின்னால், லேப்டாப்பைத் திறந்து வைத்து நின்றேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் திரையின் மூலையில் இருக்கும். முந்நூறு. அறுநூறு. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று வாட்ஸ்அப்பில் லிங்க்கை அனுப்பியிருக்கிறார்கள். எழுநூறு. திரையில் எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தம்மா கையில் விழுந்த பிள்ளைகள். ‘என்னை எடுத்த அம்மா’ என்று திருப்பூரிலிருந்து ஒருவன். ‘ரெட்டைப் பிள்ளையையும் காப்பாத்தினீங்களே’ என்று ஜொகூரிலிருந்து ஒருத்தி.

மூன்று நாற்பத்தெட்டுக்கு ஆயிரத்துப் பன்னிரண்டு. அதோடு எண் நின்றுவிட்டது.

ஓடிக்கொண்டிருந்த எண் திடீரென்று நின்றால் எதற்கு நின்றது என்று கேட்க வேண்டாமா? நான் கேட்கவில்லை. எனக்கு ஆயிரத்தைத் தாண்டிய பெருமை. அதைப் போட்டோ எடுத்தேன். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் கடைப் பெயரோடு ஸ்டேட்டஸில் போட்டேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

பெட்டியைத் திறந்தார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தமிட்டார்கள். நான் கேமராவை நர்ஸம்மா முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனேன். நல்ல முகம். திரையில் எழுத்துகள் அருவி மாதிரிக் கொட்டின. ஆன் மேரி என்று ஒரு பெயர் வருகிறதா என்று பார்த்தேன். ஒன்றைப் படிப்பதற்குள் இருபது மேலே போய்விடுகிறது. வெயில் வேறு திரையில் அடித்தது. வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஃபாதர் நிமிர்ந்து, “மகள் பார்த்தாச்சா?” என்று கேட்டார். அருள்பிரகாசம் பெட்டியில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

நான் திரையைப் பார்த்தேன். ஆயிரத்துப் பன்னிரண்டு. படம் ஒரு சொட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஆயிரம் பேர் பார்க்கும்போது பெற்ற மகள் பார்க்காமல் இருப்பாளா? எழுதியிருப்பாள், கூட்டத்தில் மேலே போயிருக்கும் என்று நினைத்தேன்.

“பாத்துட்டாக ஃபாதர்” என்றேன்.

நான்கு ஒன்பதுக்குப் பெட்டியை மூடினார்கள். மூடினதும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். எண் தொள்ளாயிரத்துக்கு இறங்கியது, எண்ணூறுக்கு இறங்கியது. அந்த இறக்கத்தில்தான் ஆன் மேரி உள்ளே வந்திருக்கிறாள். நான்கு பன்னிரண்டுக்கு. அவள் பார்த்தது, ஆளாளுக்கு ஒரு கைப்பிடி மண் அள்ளிப் போடுவதை.

அன்று சாயங்காலமே போன் மேல் போன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, உள்ளே விடவில்லை என்று எல்லா ஊரிலிருந்தும் சொன்னார்கள். ஜெரால்டு மெஷினின் குறிப்பேட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை பேர் வெளியே நின்றிருப்பார்கள் என்று கேட்டேன்.

“தெரியாதுண்ணே. உள்ள வந்தவுகளைத்தான் அது எழுதும். வெளிய நின்னவுகளை எழுதாது.”

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். காலையில் ரீஸ்டார்ட் பண்ணினேன் என்று மூன்றே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. கடை பெயர் கெட்டுவிடுமே என்று விழுங்கினேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் அருள்பிரகாசம் எங்களை நிறுத்தினார். சுற்றிலும் கூட்டம். அவர் சத்தம் போடவில்லை. “என்னய்யா கேட்டேன் உங்ககிட்ட? எந்தங்கச்சிக்கு எங்கம்மா முகத்தக் காட்டுங்கன்னுதானய்யா கேட்டேன்? வேற என்னத்தக் கேட்டேன்?” என்றார்.

ஜெரால்டு யோசிக்காமல் சொன்னான். “என் தப்புத்தாண்ணே. அளவைச் சரியா வைக்கல.”

கூட்டத்தில் யாரோ, “மெட்ராசுல கிழிச்சவருன்னு சொன்னாக” என்றார்கள். இன்னொருத்தர் சிரித்தார். நான் ஜெரால்டுக்குப் பக்கத்தில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் இரண்டு கல்யாண வீட்டார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அந்தப் பையன் வேண்டாம், வேற ஆளை வைங்க’ என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். ஜெரால்டு ஒருநாள் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, சிங்கம்புணரியில் ஒரு கயிறு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலைக்குப் போய்விட்டான். ஐயாயிரம் பேரை ஒரே நேரத்தில் உட்கார வைத்தவன், லாரிக்குச் சீட்டு அடிக்கப் போனான்.

போன மாதம் கடைக்கு வெள்ளையடித்தோம். அலமாரிக்குப் பின்னால் அவனுடைய காலண்டர் தாள் கட்டு கிடைத்தது. அந்தப் புதன்கிழமைத் தாளைத் தேடி எடுத்தேன். எண்களெல்லாம் எழுதி, கீழே ஒரு வரி இருந்தது. ‘ரீஸ்டார்ட் ஆனால் இந்த அளவு நிற்குமா? சோதிக்கவில்லை. காலையில் பார்க்க வேண்டும்.’ காலையில் அவன் வயர் இழுக்கப் போய்விட்டான். அந்தச் சோதனையை நான் பண்ணிவிட்டேன், அவனுக்குப் பதிலாக. மறுநாளே சிங்கம்புணரிக்கு பஸ் ஏறினேன்.

கம்பெனி வாசலில் ஒரு டீக்கடை. ஜெரால்டு நரைத்திருந்தான். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. “அன்னைக்குக் காலையில ரீஸ்டார்ட் பண்ணது நான்தான்யா” என்றேன்.

டீ கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றினான். “தெரியும்ணே. எப்ப ரீஸ்டார்ட் ஆச்சு, யாரு பண்ணதுன்னு மெஷினு குறிப்பேட்டுலயே வந்துரும். ஒன்பது நாப்பது. உங்க பேரு.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தே? ஏன்யா அன்னைக்கே சொல்லல?”

“நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன். ஏழாம் நாள் பூசையில எம்பக்கத்துலதான் நின்னீக. இப்பச் சொல்லுவீக, இப்பச் சொல்லுவீகன்னு நெனச்சேன். அப்புறம் முப்பதாம் நாளு சொல்லுவீகன்னு நெனச்சேன். அப்புறம் நெனக்கிறத விட்டுட்டேன்.”

அவன் என்னைத் தேற்றவில்லை. தேற்றாததும் நியாயம்தான். “எம்மேலயும் இருக்கு. ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்திருக்கணும். ஐயாயிரம் பேரு உள்ள போன சந்தோசத்துல விட்டுட்டேன்” என்றான். எழுந்தான். “எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. அப்பவே மன்னிப்புக் கேக்க வாங்குன நம்பரு இருக்கு.” எண்ணை என் போனில் தானே அழுத்திக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

சிங்கம்புணரி பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டேன். ஆன் மேரி எடுத்தாள். அம்மா அடக்கத்துக்கு வீடியோ எடுத்தவன் என்றேன். ரீஸ்டார்ட் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். ஜெரால்டு மேல் தப்பில்லை என்றேன்.

“அந்த அண்ணன் அன்னைக்கே மன்னிப்புக் கேட்டுட்டாக. மெஷினு மக்கர் பண்றது எங்க வார்டுலயும் நடக்குறதுதாண்ணே. அதை நான் எப்பவோ விட்டுட்டேன்” என்றாள்.

நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். போனை வைத்துவிடலாம் என்று வாயெடுத்தபோது அவள் பேசினாள்.

“ஒன்னே ஒன்னு கேக்கணும்ணே. அன்னைக்கு வார்டுல எனக்கு ஒரு பிரசவம். புள்ள வெளிய வந்து அழுதப்புறந்தான் போனையே கையில எடுத்தேன். நம்ம ஊரு நேரத்துக்கு மூணு அம்பது இருக்கும். வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அண்ணனுக்குப் போட்டேன், எடுக்கல. அப்பவும் நான் பயப்படல. நான் பாத்துட்டேன்னு எழுதாம மூட மாட்டோம்னு அண்ணன் சொல்லியிருந்துச்சுல்ல, அந்தத் தைரியத்துல நின்னேன். உள்ள போறேன், மண்ணு அள்ளிப் போடுறாக. அண்ணன்கிட்டக் கேட்டா, நீ பாத்துட்டேன்னு யாரோ சொன்னாகங்குது. யாருன்னு அதுக்கு ஞாபகம் இல்ல. நான் எழுதவே இல்லையேண்ணே. யாருண்ணே அப்புடிச் சொன்னது?”

கூட்டத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். அவளும் நம்புவாள். காரைக்குடி பஸ் என் முன்னால் வந்து நின்றது. கண்டக்டர், ஏறுங்க ஏறுங்க என்று கத்தினார்.

“நான்தாம்மா” என்றேன்.

பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது. அவள் போனை வைக்கவில்லை. நானும் அதைக் காதிலிருந்து எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.